ஏமாற்றம் தந்த ஆள்மாறாட்டப் படத்துக்கு நியாயமாக விமர்சனம் எழுதுவது எப்படி?

கோடைக்கால முகாமுக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் பெயரையும் இடத்தையும் மாற்றிக்கொள்கிறார்கள் என்று ஒரு தொலைக்காட்சிப் படத்தின் ஒருவரிக் கதையைக் கேட்டதும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தோன்றும். ஒன்றரை மணி நேரம் கழித்து எழும்போது, சுட்டிக்காட்டும்படி பெரிய குற்றம் எதுவும் இல்லாமலே படம் சப்பென்று முடிந்துவிட்ட உணர்வுதான் பல சமயம் மிஞ்சுகிறது. அந்தச் சப்பென்ற உணர்வுக்குக் காரணம் தேடுவதே விமர்சனம் எழுதுபவரின் முதல் வேலை. 'குழந்தைகள் படம்தானே' என்று விட்டுவிடக் கூடாது. கதையில் உள்ள ஓட்டையைப் பெரியவர்களுக்கு முன்பே கண்டுபிடிப்பவர்கள் குழந்தைகள்.

எழுதத் தொடங்குமுன் ஒரு கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதிப் பாருங்கள்: மாட்டிக்கொண்டால் அந்தப் பிள்ளை எதை இழக்கும்? பதில் எழுத வரவில்லை என்றால் படத்தின் அடிப்படைக் குறை அங்கேயே இருக்கிறது. இந்த வகைக் கதைக்கு முன்னோடியான ஜெர்மன் சிறுவர் நாவலை எரிக் கெஸ்ட்னர் 1949-ல் வெளியிட்டார். அதுவே 1961-ல் டிஸ்னியின் 'தி பேரன்ட் ட்ராப்' படத்துக்கு மூலமானது. தமிழில் 1965-ல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்க, குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் நடித்த 'குழந்தையும் தெய்வமும்' அதே மரபில் வந்தது. கெஸ்ட்னரின் கதையில், சமையலே தெரியாத லூயிஸ் தன் சகோதரியின் இடத்துக்குப் போய், வேலைக்குப் போயிருக்கும் தாய்க்காக அடுப்பின் முன் நிற்க வேண்டியிருக்கிறது. அவளுக்குத் தெரியாத ஒரு வேலை. அதைச் செய்யாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆள்மாறாட்டக் கதையின் உயிர் இவ்வளவு சிறிய இடத்தில்தான் இருக்கிறது. மாறிய பிள்ளைக்கு மாறியதால் எந்தச் சிரமமும் இல்லையென்றால் கதை நகர வழியில்லை.

அடுத்து, முகாமைக் கவனியுங்கள். என் கணிப்பில், பெரும்பாலான தொலைக்காட்சிப் படங்கள் தோற்பது இங்கேதான். அமெரிக்கக் கோடை முகாம் என்பது ஆள்மாறாட்டம் செய்பவரைப் பிடிப்பதற்கென்றே கட்டி வைத்ததுபோன்ற இடம். காலுறை முதல் துண்டு வரை ஒவ்வொரு பொருளிலும் பெயர் எழுதியோ தைத்தோ அனுப்பச் சொல்வார்கள். ஒவ்வாமையும் மருந்தும் குறித்த உடல்நலப் படிவம் முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும். ஏரி உள்ள முகாம்களில், ஆழமான பகுதிக்கு விடுமுன் நீச்சல் தெரியுமா என்று சோதிப்பது வழக்கம். வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும், கையெழுத்து காட்டிக்கொடுக்கும். சில முகாம்களில் பெற்றோர் வந்து பார்க்கும் நாளும் உண்டு. இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, படம் எதைப் பயன்படுத்தியது, எதைக் கண்டுகொள்ளாமல் விட்டது என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். பாதித் தாள் வெறுமையாக இருந்தால், முகாம் அந்தப் படத்தில் வெறும் பின்னணிப் படுதாவாகவே இருந்தது என்று தயங்காமல் எழுதலாம்.

பொதுவாகக் குறை சொல்வதைவிட ஒரு காட்சியை அருகில் வைத்துக் காட்டுவது நல்லது. நான் பார்த்த ஒரு படத்தில், முகாமின் முதல் நாள் காலை பொறுப்பாளர் பெயர்ப் பட்டியலை வாசிக்கிறார். முந்தின நாள்தான் பெயர் மாற்றிக்கொண்ட சிறுமி, புதுப் பெயர் காதில் விழுந்த கணமே கை தூக்கிவிடுகிறாள். அந்தப் பெயர் இரண்டாம் முறை ஒலிக்கும்வரை அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்திருந்தால், பக்கத்தில் இருப்பவள் திரும்பிப் பார்த்திருந்தால், நமக்கும் நெஞ்சு படபடத்திருக்கும். இரண்டு வினாடி மௌனத்துக்குச் செலவு ஒன்றுமில்லை; ஆகவே அதைப் பணப் பற்றாக்குறையின் கணக்கில் எழுத முடியாது.

பணமும் நேரமும் போதாததால் வரும் குறைக்கும் சோம்பலால் வரும் குறைக்கும் உள்ள வேறுபாட்டை விமர்சனத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும். விளம்பர இடைவேளை ஒவ்வொன்றுக்கும் முன் ஒரு சிறு திருப்பம் வைத்தாக வேண்டிய கட்டாயம் தொலைக்காட்சிப் படத்துக்கு உண்டு. அதனால் வரும் செயற்கையான பதற்றத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியா விதிகளின்படி, பள்ளி நாள்களில் 9 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளில் 5 மணி நேரம் மட்டுமே நடிக்கலாம், 3 மணி நேரம் படிப்புக்கு ஒதுக்க வேண்டும். இப்படி நேரம் குறைந்த படப்பிடிப்பில் கூட்டக் காட்சிகள் மெலிந்திருப்பதில் வியப்பில்லை. சோம்பலான திரைக்கதைக்கு மட்டும் இந்தச் சலுகையைத் தராதீர்கள்.

குட்டு வெளிப்படும் கட்டத்தைத் தனியாக மறுபடி ஒருமுறை பாருங்கள். ஏமாற்றப்பட்ட தோழிக்கு வருத்தப்பட நேரம் கொடுக்கிறார்களா, அல்லது ஒரு மன்னிப்பு, ஒரு பாட்டு, ஓர் அணைப்பு என்று ஓடிவிடுகிறார்களா என்பதைக் கவனியுங்கள். இத்தனை நாள் ஒரு பொய்ப் பெயரிடம் தன் ரகசியங்களைச் சொல்லியிருக்கிறாள் அந்தத் தோழி. அவள் கோபத்தை அரை நிமிடத்தில் துடைத்துவிடும் படம், நட்பு என்றால் என்ன என்பதையே பார்க்கிற பிள்ளைக்குத் தவறாகச் சொல்கிறது. என்னை மிகவும் வருத்துவது இந்தக் குறைதான். இதற்கு விமர்சனத்தில் ஒரு முழுப் பத்தி கொடுங்கள்.

எழுதும்போது கதைச் சுருக்கத்தை நான்கு வரிகளுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். நடித்த பிள்ளைகளின் தோற்றத்தையோ குரலையோ குறை சொல்லாதீர்கள். அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட வசனத்தைப் பற்றிப் பேசுங்கள். உங்களோடு அமர்ந்து பார்த்த குழந்தை எந்த இடத்தில் எழுந்து போனது, எந்த இடத்தில் திரும்பி வந்தது என்பதை நினைவிருக்கும்போதே குறித்துவைத்து, திரும்பி வந்த அந்தக் காட்சியில் படம் எதைச் சரியாகச் செய்தது என்பதையும் எழுதுங்கள்.