வண்ணாரப்பேட்டையில் இருந்து சிங்கப்பூர் எஃப்1 கார் பந்தயம் பார்க்கப் போகிறீர்களா?

முதலில் பந்தய டிக்கெட், பிறகு விமானம், கடைசியில் விசா. பந்தயம் நடக்கும் மெரினா பே பகுதியில் அந்த வார இறுதியில் ஓட்டல் வாடகை எகிறும். லிட்டில் இந்தியா ஸ்டேஷன் பக்கம் அறை எடுங்கள். டவுன்டவுன் லைன் மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் ப்ரொமனேட், இறங்கி நடந்தால் டிராக். தேக்கா மார்க்கெட்டில் இட்லி, பரோட்டா கிடைப்பது உபரி லாபம். மலிவு என்று எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில் தங்காதீர்கள், நள்ளிரவில் இமிகிரேஷன் வரிசையில் நிற்க வேண்டும்.

விசா விண்ணப்பத்தை ஒரு மாதம் முன்பு அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாகக் கொடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். எஸ்ஜி அரைவல் கார்டு என்ற ஆன்லைன் வருகைப் படிவம் இலவசம், இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பணும். காசு கேட்கும் இணையதளம் என்றால் அது அரசுடையது அல்ல.

ஞாயிறு பந்தயம் அங்கே இரவு 8 மணிக்கு, நம்மூர் நேரம் மாலை 5.30. மழை, விபத்து என்றால் இழுக்கும். அதனால் அன்றிரவே திரும்பும் விமானம் போடவே போடாதீர்கள். திங்கள் மதியம் நிம்மதி.

டிராக்கைச் சுற்றி ஜோன்களாகப் பிரித்திருப்பார்கள். ஜோன் 4 வாக்கபவுட் (நின்று, நடந்து பார்க்கும்) டிக்கெட் மலிவுதான், ஆனால் இருக்கை கிடையாது, மற்ற ஜோன்களுக்குள் விடமாட்டார்கள். வேலியோரம் இடம் பிடிக்க கேட் திறந்ததும் போகணும். ஒரு சுற்று 4.93 கி.மீ., கார் கண்ணில் படுவது சில விநாடி. பெரிய திரை தெரியும் இடமாக நில்லுங்கள். இயர்பிளக், ரெயின்கோட் கட்டாயம். குடை பின்னால் இருப்பவரை மறைக்கும்.

போகும்போது, விம்கோ நகரிலிருந்து வண்ணாரப்பேட்டை வழியாக வரும் மெட்ரோ நேராக ஏர்போர்ட் போகும். நள்ளிரவு விமானமென்றால் இரவு 8 மணிக்கே ஏறிவிடுங்கள்.