மாடு சினையா, இல்லையா? பரிசோதனையை எந்த நாளில், எவ்வளவு நம்பலாம்

இரண்டு கோடைக்கு முன்னால் என் செவலைப் பசு ஏழு மாசச் சினை என்று தேவிபட்டினம் வரை சொல்லிக்கொண்டு திரிந்தேன். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டபின் அது கத்தவே இல்லை, வயிறும் பெருத்துக்கொண்டே வந்தது, வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கடைசியில் டாக்டரம்மா கையை விட்டுப் பார்த்துவிட்டு, "கன்று இல்லண்ணே, வைக்கோல்தான் இருக்கு" என்றார். அப்புறம்தான் இதையெல்லாம் முறையாகக் கற்றுக்கொண்டேன். புதிதாக மாடு வாங்கியவர்கள் இந்த வரிசையில் போங்கள்.

படி 1: ஊசி போட்ட தேதி

இது இல்லாவிட்டால் மற்ற எதுவும் உதவாது. நான் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வைப்பேன், உப்புக் காற்றில் சுண்ணாம்பு பொரிந்து உதிரும்போது தேதியும் சேர்ந்து உதிர்ந்துவிடும். இப்போது போனில்தான். ஜனவரி 5இல் ஊசி என்றால் ஜனவரி 26, மார்ச் 6, ஏப்ரல் 5 மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதாவது 21, 60, 90ஆம் நாள்கள். சினை நின்றால் 280 நாள் கணக்கில் அக்டோபர் இரண்டாம் வாரம் கன்று.

படி 2: 21ஆம் நாள் கவனிப்பு

18இலிருந்து 24ஆம் நாள் வரை காலையும் மாலையும், மாடு மறுபடி பருவத்துக்கு (இணை சேரும் வேட்கைக்கு) வருகிறதா என்று பாருங்கள். கத்தல், கண்ணாடி போல ஒழுகும் வளவளப்பு, மற்ற மாட்டின் மேல் தாவுவது. வந்தால் சினை பிடிக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். வராவிட்டால்? "ஒருவேளை பிடித்திருக்கலாம்", அவ்வளவுதான். பங்குனி, சித்திரை வெயிலில், பச்சைத் தீவனம் இல்லாத நம் பக்கத்து மாடுகள் ஊமையாகப் பருவத்துக்கு வந்து போய்விடும், சில பருவத்துக்கே வராது. தலைகீழாகவும் நடக்கும்: சினையாக இருக்கிற சில மாடுகளும் பருவ அறிகுறி காட்டும். அதனால் சந்தேகம் இருந்தால் பரிசோதிக்காமல் மறு ஊசி போடாதீர்கள், ஊசிக்குழல் கருப்பைக்குள் போனால் இருக்கிற சினையும் கலையலாம்.

படி 3: கை விட்டுப் பார்ப்பது

ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்ப்பது. இதை நீங்கள் செய்யாதீர்கள், மருத்துவர் வேலை. நல்ல கைப்பழக்கம் உள்ளவர் 35, 40 நாளிலேயே சொல்வார், ஆனால் 60 நாளுக்கு மேல் என்றால்தான் எனக்கு நிம்மதி. முக்கியமான கேள்வி ஒன்றைக் கேளுங்கள்: "எதை வைத்துச் சொல்றீங்க?" கருப்பை பெருத்திருக்கிறது என்பது மட்டும் போதாது, உள்ளே சீழ் கோத்திருந்தாலும் பெருக்கும், மாடு பருவத்துக்கும் வராது, சினை போலவே ஏமாற்றும். விரலுக்கிடையில் சவ்வு வழுக்குகிறது, பொத்தான் போன்ற முடிச்சுகள் தட்டுகின்றன, கன்றே கைக்குப் படுகிறது என்றால் சரி, நம்பலாம். நாலு மாதத்துக்கு மேல் கருப்பை கீழே இறங்கிவிடும், கை எட்டாமலும் போகும், அப்போது கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய் கிறுகிறுவென்று அதிர்வதைத் தடவிப் பார்ப்பார்கள்.

படி 4: ஸ்கேன், ரத்தம், பால்

வசதி கிடைத்தால் 30ஆம் நாள் வாக்கில் ஸ்கேனில் தெரியும், கன்றின் இதயம் துடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரத்தத்திலோ பாலிலோ சினைப் புரதம் பார்க்கும் சோதனையும் 28 நாளுக்கு மேல் நம்பகமானது, ஆனால் மாடு ஈன்று இரண்டு மாதத்துக்குள் எடுத்தால் போன ஈத்தின் மிச்சமே "சினை" என்று காட்டிவிடும். கோமியத்தில் பாசிப்பயறு முளைக்கிறதா என்று பார்ப்பது வேடிக்கையாகத்தான் இருக்கும், செய்து பாருங்கள், அதை நம்பி மாட்டை விற்காதீர்கள்.

படி 5: "இல்லை" என்று சொன்னால்

இங்கேதான் பெரிய ஆபத்து. தப்பான "ஆமாம்" தீவனத்தையும் மாதங்களையும் தின்னும், தப்பான "இல்லை" கன்றையே தின்னும். எப்படியென்றால், சினையில்லாத மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவர ஒரு ஹார்மோன் ஊசி போடுவார்கள். சினைப்பையில் ஒரு கட்டி (நோய்க்கட்டி அல்ல, இயல்பாகவே உருவாவது) இருந்து சினையைக் காக்கும் ஹார்மோனைச் சுரக்கும், இந்த ஊசி அந்தக் கட்டியைக் கரைத்துவிடும். உள்ளே 35 நாள் கரு தட்டுப்படாமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்தது. அதனால் 45 நாளுக்குள் "இல்லை" என்றால், ஸ்கேனும் இல்லையென்றால், ஊசிக்கு அவசரப்படாமல் 60ஆம் நாள் மறுபடி கேளுங்கள்.

படி 6: இன்னொரு தடவை

30, 40 நாளில் "ஆமாம்" என்ற மாட்டையும் 90ஆம் நாள் திரும்பக் காட்டுங்கள். கரு சின்னதிலேயே தானாகக் கரைந்து போவது உண்டு, பார்த்தவர் மேல் தப்பில்லை. மருந்தகம் தூரமென்றால் கால்நடை உதவி எண் 1962க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

ஆறு, ஏழு மாதத்தில் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். மாட்டின் வலது பக்கம், அடிவயிற்றோரம் முஷ்டியை வைத்து மெதுவாக அழுத்தி, எடுக்காமல் அப்படியே வைத்திருங்கள். கன்று இருந்தால், தொட்டித் தண்ணீரில் மிதக்கிற தேங்காயை அமுக்கிவிட்ட மாதிரி, கெட்டியாக ஏதோ விலகிப் போய்த் திரும்பி வந்து கையில் இடிக்கும். இடது பக்கம் பார்க்காதீர்கள், அங்கே இருப்பது இரைப்பை. நான் அந்தக் கோடை முழுக்கத் தடவிக்கொண்டிருந்தது இடது பக்கத்தை.