நஞ்சேறிய மண்ணுக்கு உயிர்க்கரி: யாழ்ப்பாணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிர்க்கரி, அதாவது விறகு, எரு போன்றவற்றைக் காற்றை மட்டுப்படுத்திச் சுட்டு மண்ணில் இடுவதற்காகச் செய்யும் கரி, மண்ணிலுள்ள ஈயத்தையோ கட்மியத்தையோ வெளியேற்றாது. அவற்றைப் பற்றிப்பிடித்து, வேருக்குப் போய்ச் சேரும் அளவைக் குறைக்கும், அவ்வளவுதான். உலோகம் மண்ணிலேயே கிடக்கும். பழைய பேட்டரி உடைத்த வளவில் கரியைக் கொட்டிவிட்டு அடுத்த போகத்திலேயே கீரை விதைப்பது இதை மறந்து செய்யும் பெருந்தவறு. பொதுவாக இலைக்கறிகளில் இவ்வுலோகங்கள் காய்களைவிட அதிகமாகச் சேரும். புகையிலையும் கட்மியத்தை இலையில் தேக்கிவைக்கும் பயிர். மண்ணைப் பரிசோதிக்கக் கொடுக்கும்போது மொத்த அளவோடு, பயிர் உறிஞ்சக்கூடிய அளவையும் கேளுங்கள். கரி இட்ட பின் குறைய வேண்டியது இரண்டாவதுதான்.

வேறு ஊர்களுக்கு எழுதிய அறிவுரையை அப்படியே பின்பற்றுவது அடுத்த தவறு. புளிப்பு மண்ணில் உயிர்க்கரி செய்யும் நன்மையில் பெரும் பங்கு, அது காரத்தன்மையை உயர்த்துவதால் வருகிறது. வலிகாமத்துச் செம்மண்ணோ சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடக்கிறது; கிணற்று நீரும் சுண்ணாம்பு கலந்தது. இங்கே காரம் மேலும் ஏறினால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமல் இளம் இலைகள் மஞ்சளாகும். கோழி எருவில் செய்த கரியில் சாம்பல் மிகுதி. ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), சிரட்டை, விறகு ஆகியவற்றின் கரியே நமக்குப் பொருத்தம்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது ஆர்சனிக். ஈயத்தைப் பிடிக்கும் கரி ஆர்சனிக்கைப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. காரமும் கரியிலுள்ள பொஸ்பேற்றும் மண்ணில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கைக் கழற்றிவிடவும் கூடும். கழன்றது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீரில் இறங்கலாம். அந்த நீரைத்தான் நாம் குடிக்கிறோம். மண்ணில் எந்த உலோகம் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு கூடை கரிகூட இடாதீர்கள்.

திறந்த வெளியில் குவித்து எரித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் சாம்பலே. காற்றை மட்டுப்படுத்திய பீப்பாயிலோ குழியிலோதான் நல்ல கரி கிடைக்கும். வர்ணம் பூசிய பலகை, பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய மரம், பிளாஸ்டிக் எதையும் அதில் போடக் கூடாது. மருந்தேற்றிய மரத்தில் செப்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் இருக்கக்கூடும்; அதைக் கரியாக்கி இடுவது தோட்டத்துக்குப் புதிதாக நஞ்சூட்டுவதாகும்.

அளவிலும் ஏமாறுகிறோம். மேல்மண்ணில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு எடையில் 1 சதவீதம் என்றாலே, ஒரு பரப்புக்கு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) ஏறத்தாழ 500 கிலோ வேண்டும். இரண்டு மூட்டையைத் தூவிப் பயனில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் முழுத் தோட்டத்திலும் இறங்கவும் வேண்டாம். அந்த மண்ணையே சட்டிகளில் நிரப்பி, கரி இட்டும் இடாமலும் பயிர் வளர்த்து, விளைந்ததைப் பரிசோதித்துப் பாருங்கள். புதுக்கரி தழைச்சத்தை இழுத்துக்கொள்ளக்கூடும் என்பதால் மக்கிய மாட்டெருவோடு கலந்து சில வாரம் ஊறவிடுவது நல்லது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் உலர்ந்த தூளைத் தூவவே வேண்டாம். பாதி பறந்துவிடும், மீதி மூச்சில் ஏறும். ஈரமாக்கி, மண்ணோடு கொத்திக் கலந்துவிடுங்கள்.