சொந்தத்தில் சம்பந்தம் பேசுமுன் ஒரு ரத்தப் பரிசோதனை

திருநெல்வேலிச் சீமையில் அத்தை மகனுக்கும் தாய்மாமனுக்கும் பெண் கொடுக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் விட்டுப்போகவில்லை என்பதால், ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று பள்ளியில் படித்ததைச் சம்பந்தம் பேசுமுன் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. பெரும்பாலான மரபணுக்களில் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு பிரதிகள் நமக்கு வருகின்றன. ஓங்கு வகைக் குறைபாட்டுக்கு ஒரு பிரதி பழுதானாலே போதும். அது பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். ஒடுங்கு வகையில் ஒரு பிரதி மட்டும் பழுதானவர் நலமாகவே இருப்பார், தாம் அதைச் சுமப்பதையும் அறியமாட்டார். ஒரே பழுதைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. மூத்த பிள்ளை நலமாகப் பிறந்ததால் அடுத்ததற்குப் பயமில்லை என்று பெரியவர்கள் தேற்றுவது அன்பினால்தான், ஆனால் கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே தொடங்குகிறது.

அத்தை மகனும் மாமன் மகளும் சராசரியாக 8-இல் ஒரு பங்கு மரபணுக்களையும், தாய்மாமனும் அக்காள் மகளும் 4-இல் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டிருப்பதால், ஒரே பழுது இருவரிடமும் இருக்கக்கூடிய வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். ஆகவே மூன்று தலைமுறையில் பிறவிச் செவிடு, இளவயது மரணம், தீராத ரத்தசோகை இருந்தவர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பரம்பரையாக வரும் ரத்தசோகை நோயான தலசீமியாவைச் சுமப்பவரை எச்.பி.எல்.சி. என்னும் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். இரும்புச்சத்துக் குறைவு அதன் முடிவைக் குழப்பக்கூடும் என்பதால், அதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். திருமணம் முடிந்திருந்தால், கருவுறுவதற்கு முன்பே இருவரும் பரிசோதித்துக்கொள்ளலாம்.