ரெட்வுட் கடலோரத்தில் டென்ட் போடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"பீச் கேம்பிங்" என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது தெற்குக் கலிஃபோர்னியாவின் வெயிலும் சூடான மணலும்தான். அதே நினைப்பில் அரைக்கால் சட்டை, காட்டன் டிஷர்ட், மெல்லிய போர்வை என்று மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே ஹம்போல்ட் கவுண்டிக்குக் கிளம்பினால், ஆகஸ்ட் மாதமே ஆனாலும் ராத்திரி பல் தந்தியடிக்கும். சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாத் தமிழ்க் குடும்பங்கள் நான்கைந்து சேர்ந்து லாங் வீக்கெண்டுக்கு அங்கே போவது இப்போது சகஜமாகிவிட்டதால், கடலை ஒட்டியிருக்கும் இரண்டு ஸ்டேட் பார்க்குகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒன்று, ஓரிக் என்ற சிற்றூருக்கு வடக்கே இருக்கும் பிரெய்ரி கிரீக் ரெட்வுட்ஸ். மற்றது, டிரினிடாட்டுக்கு வடக்கே இருக்கும் சூ-மெக். 2021 வரை இதன் பெயர் பேட்ரிக்ஸ் பாயின்ட். யூரோக் பழங்குடி மக்கள் அந்த இடத்தை அழைத்துவந்த பெயர் இப்போது திரும்ப வந்திருக்கிறது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் தேடுகிறவர்கள் குழம்ப வேண்டாம்.

இந்தக் கரையில் காடு தனி, கடல் தனி என்று பிரித்து நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. இங்கே கோடையில் காட்டை நனைப்பது கடல். கடலில் இரை தேடும் ஒரு பறவை முட்டையிடுவது காட்டு மரத்தின் உச்சியில்.

இடம் பிடிக்கும்போதே

ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில் ஆறு மாதம் முன்னதாக, காலை 8 மணிக்கு புக்கிங் திறக்கும். கோடை வார இறுதிக்கு மே மாதம் யோசிக்கத் தொடங்கினால் மிஞ்சுவது யாராவது ரத்து செய்த இடம்தான். ஆனால் அவசரத்தில் எதை புக் செய்கிறோம் என்று பார்க்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. பிரெய்ரி கிரீக்கில் இரண்டு கேம்ப் கிரவுண்டுகள் இருக்கின்றன. எல்க் பிரெய்ரி உள்ளே, ரெட்வுட் என்ற வானுயர்ந்த மரங்களுக்கு நடுவில் இருப்பது. அங்கிருந்து அலையோசை கேட்காது. கோல்ட் பிளஃப்ஸ் பீச் என்பது கடலுக்கு எதிரே, திறந்த மணல்மேட்டில் இருப்பது. அங்கே நிழலுக்கு மரம் கிடையாது, காடு பின்னாலிருக்கும் செங்குத்து மேட்டின் மேலேதான். அதற்குப் போகும் டேவிசன் ரோடு குறுகலான மண்சாலை. டிரெய்லர் இழுத்துக்கொண்டு போக அனுமதி இல்லை. வாடகைக்கு எடுத்த ஆர்.வி.யோடு (படுக்கை வசதியுள்ள பெரிய வண்டி) போய் அந்தச் சாலை முனையில் வண்டியைத் திருப்ப முடியாமல் திண்டாடுவானேன்? மரமும் கடலும் பக்கத்திலேயே வேண்டுமென்றால் சூ-மெக்தான் சரி. காட்டுக்குள் டென்ட், அங்கிருந்து சரிவுப் பாதையில் இறங்கினால் அகேட் பீச்.

ஓர் இடத்துக்கு எட்டுப் பேர்தான் கணக்கு. மூன்று குடும்பத்தை ஒரே இடத்தில் திணித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், ரேஞ்சர் சுற்றி வருவார். கோல்ட் பிளஃப்ஸுக்குப் பக்கத்தில், பெரணிச் செடி மூடிய சுவர்கள் கொண்ட ஃபெர்ன் கேன்யன் பள்ளத்தாக்கைப் பார்க்கும் ஆசை இருந்தால், மே 15 முதல் செப்டம்பர் 15 வரை வெளியிலிருந்து வரும் கார்களுக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழையே இல்லாமல் நனைவது

கோடையில் உள்நாட்டில் ரெடிங் நகரம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிக் கொதிக்கும். அதே நாளில் இந்தக் கரையில் மதியமே 60 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அதாவது 16 செல்சியஸ் சொச்சம். வடமேற்குக் காற்று கரையோர மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. உள்நாட்டு வெப்பம் அதைக் கரைக்கு இழுக்கிறது. ஆகவே உள்ளே எவ்வளவு வெயிலோ, கரையில் அவ்வளவு பனி வர வாய்ப்பு. வானிலைச் செயலியில் பக்கத்து ஊரின் வெயிலைப் பார்த்து ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வருவது இதனால்தான் காலை வாரிவிடுகிறது.

பலரும் செய்யும் அடுத்த தவறு, பெரிய மரத்தடியில் ஒதுங்கினால் நனைய மாட்டோம் என்று அங்கே டென்ட் போடுவது. நடப்பது நேர்மாறு. ரெட்வுட்டின் ஊசியிலைகள் மூடுபனியை வடிகட்டி எடுத்து, துளித்துளியாகக் கீழே விடுகின்றன. திறந்த வெளியில் தரை காய்ந்து கிடக்கும், மரத்தடியில் மட்டும் விடிய விடியச் சொட்டும். ரெட்வுட் காட்டுக்கு ஆண்டு முழுதும் கிடைக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்கு இப்படிச் சொட்டும் பனிநீர்தான் என்று 1998-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. உங்கள் டென்ட் இருப்பது அந்த மூன்றில் ஒரு பங்கு விழும் இடத்தில். கொடுத்திருக்கும் மனைக்குள்ளேயே கிளைகளுக்குச் சற்று விலகிய இடமாகப் பாருங்கள். காய்ந்த கிளை ஏதும் மேலே தொங்குகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்ப்பதும் நல்லது.

இனி டென்ட்டுக்கு அடியில் விரிக்கும் தார்பாயைப் பார்ப்போம். பெரிதாக இருந்தால் நல்லது என்று டென்ட்டுக்கு வெளியே ஒரு முழம் நீட்டி விரிக்கிறார்கள். மேலே சொட்டும் நீர் ரெயின் ஃபிளை என்ற மேல்விரிப்பில் வழிந்து அந்த விளிம்பில் விழுகிறது, அங்கிருந்து நேராக டென்ட்டின் அடியில் போய்த் தேங்குகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு முதுகு ஈரமாகும்போது டென்ட் ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். தார்பாயின் விளிம்பு டென்ட்டின் சுவருக்கு உள்ளடங்கி இருக்க வேண்டும். நீண்டால் உள்பக்கமாக மடித்துவிடுங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களையெல்லாம் மூடினாலும் இதே கதிதான். நான்கு பேர் விடும் மூச்சு உள்சுவரில் நீராகிப் படுக்கையில் சொட்டும்.

ஸ்லீப்பிங் பேக்கில் பெரிதாக அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 40 டிகிரி என்று போட்டிருந்தால், அந்தக் குளிரை எப்படியோ சமாளிக்கலாம் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். சுகமாகத் தூங்குவதற்கான அளவு அதற்குப் பத்து டிகிரியாவது மேலே இருக்கும். நம் ஊர் உடம்புக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் விருந்தாளிக்குப் போடும் பெரிய ஏர் மேட்ரஸ் இங்கே உதவாது. உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து, உடம்புச் சூட்டை ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஒரு ஃபோம் பாய் விரித்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கோல்ட் பிளஃப்ஸ் மணலில் டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி ஆணிகள் நிற்காது. மதியத்துக்கு மேல் காற்று எழுந்தால் டென்ட்டே பறக்கப் பார்க்கும். பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிட்டால் அசையாது.

காக்காய்க்கு வைப்பதுபோல் ஒரு பிடி

சாப்பாட்டு விஷயத்தில் கரடியைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். சரிதான், இங்கே கருங்கரடிகள் உண்டு. உணவை டென்ட்டிலோ காரிலோ விடாமல், கேம்ப் மனையில் இருக்கும் இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். உணவு என்றால் புளியோதரை டப்பாவும் முறுக்கும் மட்டுமில்லை. பற்பசை, தேங்காய் எண்ணெய், குழந்தையின் பவுடர், அஞ்சறைப் பெட்டி என வாசனை வரும் எல்லாமும் சேர்த்திதான். கரடிக்குப் பற்பசைக்கும் பாதுஷாவுக்கும் பேதம் கிடையாது.

ஆனால் கரடியைவிட நம்மவர்கள் அதிகம் தவறுவது ஒரு நீலப் பறவையிடம். ஸ்டெல்லர்ஸ் ஜே என்று பெயர். கறுப்புக் கொண்டை, பளிச்சென்ற நீல உடம்பு, தட்டில் இருப்பதைத் தட்டிக்கொண்டு போகும் துணிச்சல். காக்காய் குடும்பத்துப் பறவை. சாப்பிடும் முன் காக்காய்க்கு ஒரு பிடி வைத்துப் பழகிய கைக்கு, எதிரே வந்து உட்காரும் இதற்கும் ஒரு கவளம் தயிர்சாதம் வைப்பது புண்ணியமாகத் தோன்றும். குழந்தைகள் சிப்ஸ் போடுவார்கள், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள்.

அதன் விளைவு மரத்தின் மேலே நடக்கிறது. மார்பிள்ட் முரலெட் என்ற சிறு கடற்பறவை பகலெல்லாம் பசிபிக்கில் மூழ்கி மீன் பிடிக்கும். முட்டையிட மட்டும் பழங்காட்டுக்குள் பறந்து வரும். கூடு கட்டாது. ரெட்வுட் போன்ற முதுமரங்களின் தடித்த கிளையில் படர்ந்த பாசியின் மேல் ஒரே ஒரு முட்டை இடும், அவ்வளவுதான். அது எங்கே முட்டையிடுகிறது என்பதே பறவை ஆய்வாளர்களுக்கு வெகுகாலம் பிடிபடவில்லை. 1974-ல் இதே மாநிலத்தின் பிக் பேசின் ரெட்வுட் பூங்காவில் மரக்கிளை வெட்டப் போனவர் ஒருவர்தான் குஞ்சைக் கண்டார். 1992 முதல் இது கூட்டரசின் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. கேம்ப் கிரவுண்டில் இரை மலிந்தால் ஜேயும் அண்டங்காக்கையும் அங்கே பெருகும். பெருகியவை அந்த ஒற்றை முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்றுவிடும். அதனால்தான் இந்தப் பூங்காக்களில் ஒரு பருக்கைகூடச் சிந்தக்கூடாது என்று அவ்வளவு வற்புறுத்துகிறார்கள். குடிநீர்க் குழாயடியில் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவுவது, கறிவேப்பிலையும் ஆரஞ்சுத் தோலும் இயற்கைதானே என்று புதரில் எறிவது இரண்டும் இதில் அடக்கம். ஒரு பழைய டீ வடிகட்டி கொண்டுபோங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை அதில் வடித்து, தங்கும் பருக்கைகளைக் குப்பைப் பையில் கட்டிவிடலாம்.

பெரிய மான், வாங்கிய விறகு, பாட்டுக் கச்சேரி

பிரெய்ரி கிரீக்கில் ரூஸ்வெல்ட் எல்க் மந்தை மந்தையாக மேயும், மணலிலும் நடந்து வரும். மான் என்றதும் நம் மனதில் வரும் உருவத்தை மறந்துவிடுங்கள். வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தாண்டும். ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை அவற்றுக்கு இணை சேரும் பருவம், மே, ஜூனில் கன்று ஈனும் காலம். இரண்டிலும் கிட்டே போனால் பாய்ந்து வரும். 25 கஜமாவது, முடிந்தால் அதைவிடக் கூடுதலாகவும் விலகி நில்லுங்கள். குழந்தையை முன்னே நிறுத்தி செல்ஃபி எடுப்பவர்களை என்ன சொல்வது!

விறகை ஊரிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு வர வேண்டாம். மரத்தைக் கொல்லும் பூச்சியும் நோயும் அப்படித்தான் ஊர் விட்டு ஊர் பரவுகின்றன. வழியில் உள்ளூர்க் கடையிலோ, பூங்காவிலேயே விற்றாலோ வாங்கிக்கொள்ளலாம். காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளி பொறுக்கவும் அனுமதி இல்லை. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், அதற்கு முன்னும் ஸ்பீக்கர் சத்தம் உங்கள் மனையைத் தாண்டக்கூடாது. அந்தாக்ஷரியைச் சாயங்காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

கடலுக்கு முதுகு காட்டுவது

மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தில் இங்கே இறங்கக்கூடாது. கோடையிலும் தண்ணீர் 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட்தான். திடீரென்று அதில் விழுந்தவருக்கு மூச்சு தன்னையறியாமல் இழுக்கும், அந்த முதல் மூச்சிலேயே தண்ணீர் உள்ளே போய்விடக்கூடும். நீச்சல் தெரிந்தவருக்கும் இதேதான். இன்னொரு ஆபத்தை ஸ்னீக்கர் வேவ் என்கிறார்கள். கால் மணி நேரம் சாதுவாக வந்துபோன அலைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் யாரும் எதிர்பாராத உயரத்துக்கு ஏறி வரும். கரையில் கிடக்கும் பெரிய மரத்தண்டின் மேல் குழந்தைகளை உட்கார வைத்து போட்டோ எடுப்பது அதனால்தான் மோசமான யோசனை. அந்த அலை பல டன் எடையுள்ள தண்டையும் உருட்டிவிடும். அகேட் பீச்சில் கல் பொறுக்குகிறவர்கள் குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள். ஒருவர் பொறுக்கினால் இன்னொருவர் கடலைப் பார்த்து நிற்கட்டும். அன்றைய ஓத அட்டவணையைப் போகும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள், கோல்ட் பிளஃப்ஸில் போன் சிக்னலை நம்ப முடியாது.

சிக்னல் இல்லாதது சுனாமிக்கும் பொருந்தும். இந்தக் கரைக்கு எதிரே கடலடியில் காஸ்கேடியா என்ற பெரும் நிலநடுக்கப் பகுதி கிடக்கிறது. 2024 டிசம்பர் 5 அன்று கேப் மென்டசீனோவுக்கு அப்பால் 7.0 அளவில் நிலம் நடுங்கியபோது இப்பகுதி முழுவதற்கும் சுனாமி எச்சரிக்கை வந்து, பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. 2004-ஐப் பார்த்த நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும், மணலில் டென்ட் போடும் எத்தனை பேர் எந்த வழியாக மேட்டுக்கு ஏறுவது என்று பகலிலேயே பார்த்து வைக்கிறார்கள்? வந்திறங்கியதும் அறிவிப்புப் பலகையில் இருக்கும் வெளியேறும் வழியைக் குழந்தைகளையும் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். நிலம் வெகுநேரம் நடுங்கினால் சைரனுக்குக் காத்திருக்காதீர்கள், டென்ட்டையும் பொருளையும் விட்டுவிட்டு நடந்தே ஏறுங்கள். ஏறியபின் முதல் அலை சின்னதாக வந்து போனது என்று இறங்கிவிடக்கூடாது. வடக்கே கிரசன்ட் சிட்டியில் 1964 மார்ச் மாதம், அலாஸ்கா நிலநடுக்கத்துக்குப் பிறகு, முதல் அலைகள் வடிந்ததும் சிலர் கடையைச் சுத்தம் செய்யத் திரும்பி வந்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோரை அந்த ஊரில் பலிகொண்டது, ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கழித்து வந்த நான்காவது அலை.