குறைந்த முதலீட்டில் வண்ணப் பாம்பு வளர்ப்பு: ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் முறை

‘மார்ஃப்’ எனப்படும், மரபணு மாற்றத்தால் நிறமோ கோலமோ மாறிய பாம்புகளை இனப்பெருக்கம் செய்ய ஆசைப்படுகிறவர்களில் பலர், கண்காட்சி மேசைகளில் மனத்தைக் கவர்ந்த நான்கைந்து குட்டிகளைக் கையிலிருக்கும் பணம் தீரும்வரை வாங்கிவிட்டு, எதனோடு எதைச் சேர்ப்பது என்பதை வீடு திரும்பிய பிறகே யோசிக்கிறார்கள். பணம் குறைவாக உள்ளவர் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. எந்த நிறக் குட்டி முட்டையைக் கிழித்துக்கொண்டு வெளிவர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அந்தக் குட்டிக்குத் தேவையான இரண்டே பாம்புகளை மட்டும் வாங்க வேண்டும். டொராண்டோவில் சில ஆண்டுகளாகக் கார்ன் ஸ்நேக் என்ற பாம்பினத்தை வளர்த்து வருகிறேன். தொடக்கத்தில் இந்தக் கணக்கைப் போடாததால் நான் இழந்தது பணத்தைவிடக் காலமே.

எல்லாவற்றுக்கும் முன்பாக, நீங்கள் வாழும் ஊரின் சட்டத்தைப் பாருங்கள். டொராண்டோவில் வளர்ந்த நிலையில் மூன்று மீட்டரைத் தாண்டும் பாம்பினங்களுக்குத் தடை உள்ளது. கார்ன் ஸ்நேக்கும், பால் பைத்தான் (பந்து மலைப்பாம்பு) என்ற இனமும் அந்த அளவை எட்டாதவை. சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வளர்க்கவே அனுமதி இல்லை, ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டுப் பாம்புகளுக்குத் தடை. இந்தியாவில் நாட்டுப் பாம்புகளில் பல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, உரிமமின்றி எந்த வெளிநாட்டுப் பாம்பையும் இறக்குமதி செய்ய முடியாது, பால் பைத்தான் போன்ற, சைட்ஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வந்த ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் சிறு சிறு டப்பாக்களில் அடைக்கப்பட்டிருந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். அப்படிக் கடத்தப்பட்டு வரும் குட்டிகள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அவற்றை வாங்குவது அடுத்த பெட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்குச் சமம்.

அடுத்த முடிவு, எந்த இனம் என்பது. மார்ஃப் என்றதும் பெரும்பாலோருக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான்தான் நினைவுக்கு வரும். அதன் மரபணு வகைகள் ஏராளம். பாஸ்டல் போன்ற பல வகைகள் ஒரே ஒரு பிரதி மரபணு இருந்தாலே கண்ணுக்குத் தெரிவதால், முதல் ஈட்டிலேயே பலன் கிடைத்துவிடும். ஆனால் பெண் பாம்பு ஏறத்தாழ 1,500 கிராம் எடையை எட்ட மூன்று ஆண்டுகள் ஆகலாம், ஓர் ஈட்டுக்குச் சராசரியாக ஆறு முட்டைகளே கிடைக்கும், மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. நன்றாக இரை எடுக்கும், சிறிய இடம் போதும், ஓர் ஈட்டில் 10 முதல் 20 முட்டைகள் வரை இடும். முட்டைகளின் எண்ணிக்கைதான் குறைந்த முதலீட்டில் தொடங்குகிறவருக்கு உண்மையான மூலதனம் என்பதால், முதல் திட்டத்துக்கு நான் கார்ன் ஸ்நேக்கையே சொல்வேன்.

கார்ன் ஸ்நேக்கின் பெரும்பாலான நிற மார்ஃப்கள் ஒடுங்கு பண்புகள். பள்ளியில் மெண்டலின் நெட்டை, குட்டைப் பட்டாணிச் செடிகளுக்குப் போட்ட அதே கட்டம் இங்கும் போதும். ஒடுங்கு மரபணு இரண்டு பிரதிகளாக அமைந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒரே பிரதியைச் சுமக்கும் பாம்பு பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும், அதை வளர்ப்பவர்கள் ‘ஹெட்’ என்று அழைக்கிறார்கள். கருநிறமி இல்லாத ‘அமெல்’ வகைதான் இந்த இனத்தில் மிகப் பழைய மார்ஃப். வட கரோலினாவில் 1953-இல் காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட ஓர் ஆண் பாம்பிலிருந்து அது தொடங்கியது. அந்த நிறம் வீட்டில் பொரித்த குட்டிகளில் தெரிய 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஏனெனில் ஒடுங்கு பண்பு ஒரு தலைமுறை மறைந்திருந்து பேரக்குட்டிகளிடம்தான் வெளிப்படும்.

இப்போது ஓர் உண்மையான திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு நிறமுடைய ‘லாவெண்டர்’ மார்ஃபும் அமெலும் ஒரே பாம்பில் சேர்ந்தால் வெளிறிய முத்து நிறத்தில் ‘ஓபல்’ கிடைக்கும். அந்த ஓபல்தான் இலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக மலிவான வழி, இரண்டு பண்புகளுக்கும் ஹெட்டாக உள்ள, பார்வைக்குச் சாதாரணமான ஒரு ஜோடியை வாங்குவது. அதில் ஒவ்வொரு முட்டைக்கும் ஓபல் வரும் வாய்ப்பு 16-இல் 1. 15 முட்டைகள் பொரித்தாலும், ஒன்றுகூட ஓபலாக இல்லாமல் போகும் வாய்ப்பு 38 விழுக்காடு. பால் பைத்தானில் இதே கணக்கை ஆறு முட்டைகளுக்குப் போட்டால் அது 68 விழுக்காடாகிவிடும். மூன்றாண்டுகள் இரை போட்டு வளர்த்தபின் இந்தச் சூதாட்டத்தில் இறங்குவதை மலிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதற்கு மாறாக, அமெலுக்கு ஹெட்டான ஒரு லாவெண்டர் ஆணையும், லாவெண்டருக்கு ஹெட்டான ஓர் அமெல் பெண்ணையும் வாங்குங்கள். இரண்டுமே ஓபலைவிட விலை குறைந்தவை, ஆனால் ஒவ்வொரு முட்டைக்கும் ஓபல் வரும் வாய்ப்பு 4-இல் 1 ஆகிவிடுகிறது. 15 முட்டைகளில் ஒன்றுகூட ஓபலாக இல்லாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டுமே. மீதமுள்ள குட்டிகளும் வீண் இல்லை. கால் பங்கு லாவெண்டர், கால் பங்கு அமெல், கால் பங்கு சாதாரண நிறம் என்று வரும் அவை ஒவ்வொன்றும், வெளியே தெரியாத மற்றப் பண்புக்கு உறுதியான ஹெட். விற்கும்போது ‘இருக்கலாம்’ என்று சொல்லாமல் ‘இருக்கிறது’ என்று எழுதிக் கொடுக்க முடிகிற குட்டிகளைத்தான் அடுத்த வளர்ப்பாளர் தேடி வருவார். வேறு எந்த இரட்டை ஒடுங்கு திட்டத்துக்கும் இதே அமைப்பு பொருந்தும்: ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒரு பண்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், மற்றது ஹெட்டாக இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் யாரும் பொய் சொல்ல முடியாது. ஹெட் என்பதோ விற்பவரின் வார்த்தை. இரண்டு ஹெட்களின் சாதாரண நிறக் குட்டிகளை ‘66 விழுக்காடு ஹெட்’ என்று விற்பார்கள். மூன்றில் இரண்டு குட்டிகள் மரபணுவைச் சுமக்கும், எவை என்று தெரியாது என்பதே அதன் பொருள். அப்படி ஒரு லாவெண்டர் ஜோடியைத்தான் நான் முதலில் வாங்கினேன். இரண்டும் உண்மையிலேயே ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு 44 விழுக்காடு மட்டுமே என்பதை அன்று நான் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. மூன்றாம் ஆண்டு 14 குட்டிகள் பொரித்தன, பதினான்கும் சாதாரண நிறம். இரண்டும் ஹெட்டாக இருந்திருந்தால் அப்படி நடக்கும் வாய்ப்பு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், அன்றே அந்தத் திட்டத்தைக் கைவிட்டேன். ஆகவே பாதி வாய்ப்புள்ள பாம்புகளை இரண்டு மடங்காக வாங்குவதைவிட, உறுதியான ஒன்றை வாங்குங்கள். பெற்றோரின் படங்களையும், பொரித்த தேதியையும், முந்தைய ஈடுகளில் என்னென்ன நிறங்கள் வந்தன என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது இதற்கு அறிவியலின் துணையும் இருக்கிறது. அமெலுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இலும், லாவெண்டருக்குரியதை 2020-இலும் கண்டறிந்தார்கள். பாம்பு உரித்த சட்டையிலிருந்தே மார்ஃப் சோதனை செய்து தரும் ஆய்வகங்கள் வட அமெரிக்காவில் உள்ளன. நீங்கள் தேடும் பண்பு அவர்களுடைய பட்டியலில் இருந்தால், மூன்றாண்டுத் தீவனத்தோடு ஒப்பிடும்போது அந்தக் கட்டணம் பெரிதல்ல.

செலவைக் காலத்தில் பரப்பிவிடுவதும் ஒரு நல்ல உத்தி. ஆண் கார்ன் ஸ்நேக் ஏறத்தாழ இரண்டாண்டில் முதிர்ந்துவிடும். பெண்ணை 300 கிராம் எடையும் மூன்று வயதும் நிறையும்வரை சேர்க்காமல் இருப்பதே அதன் உடலுக்கு நல்லது, அவசரப்பட்டால் முட்டை சிக்கிக்கொண்டு பெண்ணையே இழக்க நேரிடலாம். எனவே இந்த ஆண்டு பெண்ணை மட்டும் வாங்கி, அடுத்த ஆண்டு பணம் சேர்ந்ததும் ஆணை வாங்கலாம். இரண்டும் ஒரே பருவத்தில் தயாராகிவிடும். இரண்டையும் ஒரே வளர்ப்பாளரிடம் வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது, ஏனெனில் ‘ஜோடி’ என்று சலுகை விலையில் வருபவை பெரும்பாலும் ஒரே ஈட்டு உடன்பிறப்புகள். பிற்காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள நினைப்பவர் தரமான ஆணுக்கே கூடுதலாகச் செலவிட வேண்டும், ஓர் ஆண் ஒரே பருவத்தில் இரண்டு மூன்று பெண்களுக்குப் போதும். முதிர்ந்த பெண் ஒன்று வியப்பூட்டும் மலிவு விலைக்கு வந்தால், சென்ற இரண்டு பருவங்களில் அது எத்தனை முட்டை இட்டது, எத்தனை பொரித்தன என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

இனி, பாம்பைக் கையில் வாங்கிப் பார்ப்பது. கையைக் கழுவிக்கொண்டு, விற்பவரின் அனுமதியோடு குட்டியை விரல்களுக்கிடையே மெல்ல ஊர்ந்து போக விடுங்கள். கட்டைவிரலை முதுகெலும்பின் மேல் லேசாக வைத்திருந்தால், கழுத்திலிருந்து வால் நுனிவரை அது ஒரே சீராக வழுக்கிச் செல்ல வேண்டும். எங்காவது முடிச்சுபோலத் தட்டுப்பட்டால் அது எலும்பு வளைவு. ஆரோக்கியமான குட்டி விரலை இறுகச் சுற்றும், நாக்கு தொடர்ந்து வெளிவந்து காற்றைத் துழாவும். பிறகு அதைத் திருப்பி அடிவயிற்றைப் பாருங்கள். சாதாரண நிறக் குட்டியாக இருந்தால் கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் அழகாகத் தெரியும், நாட்டு மக்காச்சோளக் கதிரைப் போன்ற அந்தக் கட்டங்களால்தான் இதற்கு இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். கழிவுத்துளை உலர்ந்து சுத்தமாக இருக்கிறதா, தாடையின் கீழ் மடிப்பிலும் கண் ஓரத்திலும் மிளகுத்தூள்போல நகரும் உண்ணிகள் இருக்கின்றனவா, மூக்கில் நீர்க்குமிழியோ மூச்சில் சீழ்க்கையோ இருக்கிறதா என்பதையெல்லாம் அங்கேயே பார்த்துவிட வேண்டும். கடைசியாக இரைப் பதிவைக் கேளுங்கள். உறைந்து உருகிய எலிக்குஞ்சைத் தொடர்ந்து ஐந்தாறு முறையாவது தானாக எடுத்திருக்க வேண்டும். பல்லி வாசனை தடவினால்தான் தின்னும் குட்டி பாதி விலைக்கு வந்தாலும் புதியவருக்கு வேண்டாம்.

மலிவாகக் கிடைத்தாலும் தொடவே கூடாத மார்ஃப்களும் உண்டு, இதில் நான் எந்த விட்டுக்கொடுப்புக்கும் தயாராக இல்லை. பால் பைத்தானில் ‘ஸ்பைடர்’ மரபணுவைச் சுமக்கும் எல்லாப் பாம்புகளுக்கும் ஏதோ ஓர் அளவில் தலை ஆட்டமும் சமநிலைக் குறைவும் இருக்கும். சில இரையைக் குறிபார்த்துப் பிடிக்கவே திணறும். ‘ஷாம்பெயின்’ வகைக்கும் இதே குறை உண்டு. ‘கேரமல் அல்பினோ’வில் முதுகெலும்பு வளைவு அடிக்கடி வருகிறது. கார்ன் ஸ்நேக்கில் ‘சன்கிஸ்டு’ வழியில் ‘ஸ்டார்கேஸர்’ என்ற ஒடுங்கு நரம்புக் குறை பரவியிருக்கிறது. அந்தக் குட்டிகள் தலையை வானத்தை நோக்கித் திருப்பியபடி தடுமாறும். சன்கிஸ்டு வாங்குகிறவர், பெற்றோர் சோதிக்கப்பட்டவையா என்று கேட்டே ஆக வேண்டும். நமது வண்ண ஆசைக்காக ஓர் உயிர் வாழ்நாள் முழுவதும் தள்ளாடுவதை எந்த விலைக் குறைவும் நியாயமாக்காது.

கையிலுள்ள தொகையில் பாதிக்கு மேல் பாம்புகளுக்குச் செலவிடாதீர்கள். நம்பகமான தெர்மோஸ்டாட், 27, 28 டிகிரி செல்சியஸில் இரண்டு மாதம் நிலையாக நிற்கும், முட்டைகளை அடைகாக்கும் பெட்டி, கால்நடை மருத்துவருக்கு ஒரு சிறு தொகை ஆகியவை போக, பொரித்த 15 குட்டிகளுக்கும் தனித்தனி டப்பாவும், ஐந்தாறு நாட்களுக்கு ஒரு எலிக்குஞ்சும் வேண்டும். இந்தக் கடைசிச் செலவைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். புதிதாக வரும் பாம்பை 90 நாட்கள் தனி அறையில், வெறும் காகிதத் துண்டின் மேல் வைத்திருங்கள். எச்சமும் உண்ணியும் அதில் உடனே தெரியும். கார்ன் ஸ்நேக்குகளைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற இரைப்பை ஒட்டுண்ணிக்கு நம்பத்தக்க சிகிச்சை இல்லாததால், இரையைத் திரும்பத் திரும்பக் கக்கும், வயிற்றின் நடுப்பகுதி வீங்கிய பாம்பைச் சோதனைக்கு அனுப்பாமல் மற்றவற்றின் அருகே கொண்டுபோகக் கூடாது.

குட்டிகள் பொரித்த பிறகு, எதை வைத்துக்கொள்வது என்ற தேர்வு மீண்டும் தொடங்குகிறது. லாவெண்டர் குட்டிகள் பிறந்தவுடன் மங்கிய சாம்பல் பழுப்பாக, வேறு மார்ஃப் குட்டிகளைப் போலவே தோன்றும். ஓபல் குட்டிகளும் முதலில் வெளிறிய இளஞ்சிவப்பு மட்டுமே. ஐந்தாறு சட்டைகள் உரித்த பிறகுதான் நிறம் படிந்து எது சிறந்தது என்று தெரியும் என்பதால், இரு பாலிலும் நன்றாக இரை எடுக்கும் மூன்று நான்கு குட்டிகளையாவது ஆறு மாதம் வரை விற்காமல் நிறுத்தி வையுங்கள்.