சட்டமூலத்தின் பெயரோடு வாதாடாதீர்கள்: குற்றவியல் சட்டச் சீர்திருத்த விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஒரு வாசிகசாலைக் கூட்டத்திலோ பாடசாலை விவாத மேடையிலோ குற்றவியல் சட்டச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழும்போது, பலர் சட்டமூலத்தின், அதாவது பாராளுமன்றத்தில் முன்வைக்கப்படும் சட்ட வரைவின், பெயரைக் கொண்டே வாதத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். "பயங்கரவாதத்தைத் தடுக்க வேண்டாமா?" என்று ஒருவர் கேட்பார்; வேண்டாம் என்று யார் சொல்வார்? விவாதம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், பயங்கரவாதம் என்ற சொல்லுக்கே வரைவிலக்கணம் கிடையாது. செயல்களின் பட்டியல்தான் உண்டு. இன, மத நல்லிணக்கத்தைக் குலைக்கும் பேச்சும் எழுத்தும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தற்காலிக ஏற்பாடுகள் என்று பெயரிட்டுக் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. ஆகவே, எந்தச் சட்டமூலம் கையில் கிடைத்தாலும் முதலில் சொற்களுக்குப் பொருள் வரையறுக்கும் அதன் பொருள்கோடல் வாசகத்தைப் படியுங்கள்.

திருத்தத்தைச் சீர்திருத்தம் என்று எண்ணிவிடுவது அடுத்த தவறு. 2022இல் இதே சட்டம் திருத்தப்பட்டபோது, தடுப்புக் கட்டளையின் உச்ச காலம் 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைந்தது. அந்த எண்ணைப் பற்றியே எல்லோரும் பேசினோம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாம் என்ற 16ஆம் பிரிவு அப்படியே இருந்தது. சாதாரண வழக்குகளில் பொலிஸாரிடம் அளிக்கும் ஒப்புதலைச் சான்றுக் கட்டளைச் சட்டம் ஏற்பதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், பேசப்படாமற்போன விடயத்தின் கனம் விளங்கும். மாறியதைக் குறிக்கும்போதே மாறாமல் விடப்பட்டதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்டனையைப் பற்றி மட்டுமே வாதிடுவதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. தூக்குத் தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். இந்த நாட்டில் அது கடைசியாக நிறைவேற்றப்பட்டது 1976இல். தீர்ப்புக்கு முந்திய விளக்கமறியலோ இன்றும் எத்தனையோ குடும்பங்களை அலைக்கழிக்கிறது. தவணை நாட்களில் நீதிமன்ற வாசலில் நிற்கும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். வெருகல் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்திருப்பார்கள். கையிலுள்ள பையில் மாற்றுச் சாரம் ஒன்று, சவர்க்காரக் கட்டி, பிஸ்கட் பக்கற். சிறைச்சாலை வாகனத்திலிருந்து மகன் இறங்கி உள்ளே போகும் அந்த ஒரு நிமிடத்துக்காகக் காலையிலிருந்து காத்திருப்பார்கள். பின்னர் அடுத்த தவணைத் திகதியைக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்புவார்கள். அந்த மகன் இன்னும் சந்தேகநபர்தான். அவரைக் "குற்றவாளி" என்று மேடையில் குறிப்பிடுவது, குற்றம் எண்பிக்கப்படும் வரை ஒருவரைச் சுத்தவாளியாகக் கருத வேண்டும் என்று கூறும் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரைக்கே முரணானது.

"பிணைச் சட்டம் இருக்கிறதே" என்று சிலர் பதில் சொல்வதுண்டு. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று தன் 2ஆம் பிரிவில் உண்மையிலேயே கூறுகிறது. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் சந்தேகிக்கப்படுபவருக்கு அது பொருந்தாது என்பதைப் பிணைச் சட்டத்தின் 3ஆம் பிரிவே கூறிவிடுகிறது. இரண்டாம் பிரிவோடு வாசிப்பை நிறுத்தியவர் விவாதத்தில் தோற்பார். அது சிறிய இழப்பு. அவரை நம்பிய குடும்பம் தவறான நம்பிக்கையோடு வீடு திரும்பும்.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி விவாதங்களைக் கேட்டு, அங்குள்ள வாதங்களை இங்கே இறக்குவதும் பயன் தராது. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள் வேறு. நமது தண்டனைச் சட்டக்கோவையும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் வேறு.

காலத்தைத் தவறவிடுவதற்கு இங்கே பரிகாரம் இல்லை. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (சபையின் நிகழ்ச்சி நிரலில்) இடம்பெற்ற பின், அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின் கீழ் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஆயினும் அதற்குரிய அவகாசம் மிகக் குறுகியது. சட்டமாகிவிட்ட பின் அதன் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்பது 80(3)ஆம் உறுப்புரை. ஆகையால், வர்த்தமானியில் வெளிவந்த வாரத்திலேயே வாசிப்பு தொடங்க வேண்டும். வாசிக்கும்போது கடைசி வாசகத்தையும் விடாதீர்கள்: சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று அதில் வழக்கமாக எழுதப்பட்டிருக்கும். தமிழ் உரையை மட்டும் வைத்து ஒரு சொல்லின் மேல் வாதத்தைக் கட்டுவது ஆபத்தானது. மூன்று மொழிகளும் புழங்கும் நம் நகரில், சிங்களம் நன்கு வாசிக்கும் நண்பர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்வது கடினமல்ல.

சந்தேகநபரின் உரிமையையும் பாதிக்கப்பட்டவரின் நீதியையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்துவது இன்னொரு தவறு. இந்த ஊரில் இதை விளக்க நெடுநேரம் தேவைப்படாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி நமது கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சாட்சிகளில் சிலர் அச்சத்தால் நாட்டை விட்டே வெளியேறினார்கள். 2015இல் சாட்சிகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் வந்தது. 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லையென்று, பொலிஸின் விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட பதின்மூன்று சந்தேகநபர்களைத் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. பொலிஸாருக்கு மேலதிக அதிகாரம் கொடுத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி கிடைக்கும் என்று அடுத்த மேடையில் ஒருவர் வாதிட்டால், அச்சத்தால் ஊரைவிட்டுப் போன ஒரு சாட்சியைத் திரும்பச் சாட்சிக் கூண்டுக்குக் கொண்டுவரும் வாசகம் அந்தச் சட்டமூலத்தில் எத்தனையாவது என்று அவரிடம் கேளுங்கள்.